பிழையை விழுங்காத நிரல்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது நான் தயங்கினேன். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். நான் பயின்ற காலத்தில் கணிப்பொறியைப் படத்தில்தான் கண்டோம். இந்த அவையிலே பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் பாடமாகப் பயிலும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் நான் என்ன சொல்லிவிட முடியும்? ஆயினும் ஒப்புக்கொண்டேன். நிரல் எழுதுவதில் நான் செய்த ஒரு தவற்றினால் நம் பிள்ளை ஒருத்தி துன்பப்பட நேர்ந்தது. அதனை நீங்கள் அறிவது நல்லது என்று கருதுகின்றேன்.

நம் சங்கம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுகளும் வழிகாட்டி நூல்களும் வாங்கப் பணவுதவி செய்து வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. விண்ணப்பங்கள் நாற்பத்தேழு. ஒவ்வொன்றிலும் பெயர், வகுப்பு, மதிப்பெண், குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஆகியன இருக்கும். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களைப் பிரித்தெடுத்து அச்சிட வேண்டும். கையால் எழுதியிருந்தால் ஓர் இரவு வேலை. என் மகன் பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. பைத்தானையும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாய் மிதிவண்டி பழகியவன் அடுத்த தெருவுக்கும் மிதிவண்டியில்தான் போவான் அல்லவா? நானும் நிரல் எழுதத் தொடங்கினேன்.

எழுதி ஓட்டினேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஏழெட்டு வரிகள் வந்து நின்றுவிட்டன. பட்டியல் வரவில்லை. மீண்டும் ஓட்டினேன், மீண்டும் அதே சிவப்பு. உண்மையைச் சொன்னால், மாணவன் முன்னால் கரும்பலகையில் தவறாக எழுதிவிட்ட ஆசிரியனுக்கு வரும் கூச்சம் எனக்கு வந்தது. எங்கோ படித்த ஒரு வழியைக் கையாண்டேன். சிக்கல் எழும் பகுதிக்கு மேலே ‘ட்ரை’ என்று எழுதி, கீழே ‘எக்ஸெப்ட்’ என்று எழுதி, அதன் கீழே ‘பாஸ்’ என்று எழுதிவிட்டேன். ‘முயன்று பார், பிழை நேர்ந்தால் ஒன்றும் செய்யாமல் கடந்து போ’ என்பது அதன் பொருள். சிவப்பு மறைந்தது. அழகான பட்டியல் வந்தது. அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பணமும் வழங்கப்பட்டது. நான்கு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

செப்டம்பர் மாதக் காலாண்டுத் தேர்வின்போது, பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவி ஒருத்தி வழிகாட்டி நூல் ஒன்றும் இல்லாமல், பக்கத்தில் இருப்பவளின் நூலை இரவல் வாங்கிப் படிப்பதை ஆசிரியை ஒருவர் கண்டார். ‘சங்கத்தில் பணம் வாங்கவில்லையா?’ என்று கேட்டார். வாங்கவில்லை என்றாள். விண்ணப்பம் கொடுத்தாயா என்றதற்குக் கொடுத்தேன் என்றாள். செய்தி என்னிடம் வந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் நாற்பத்தாறு பெயர்களே இருந்தன. தகுதியில்லை என்று நீக்கப்பட்டவர் எவரும் இல்லை. நாற்பத்தேழாவது பெயர் எங்கே போயிற்று? ‘பெயர் இல்லாததைப் பார்த்தும் ஏன் வந்து கேட்கவில்லை?’ என்று அவளிடம் வினவினேன். ‘லிஸ்ட்ல இல்லைன்னா இல்லதானேன்னு நெனச்சேன் சார்’ என்றாள். அவள் தந்தையும் அதையே சொல்லியிருக்கிறார்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு என் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுபவர். நிரலை அவரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு காரியம் செய்தார். நான் எழுதிய ‘பாஸ்’ பகுதியை நீக்கிவிட்டு ஓட்டினார். நான் வெறுத்த அந்தச் சிவப்பு வரிகள் திரும்பி வந்தன. ‘சார், இதைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும்’ என்றார். கடைசி வரியில் பிழையின் பெயர் இருந்தது: ‘வேல்யூ எர்ரர்’. அதனை அடுத்து ‘72,000’ என்ற எழுத்துகளை முழு எண்ணாக மாற்ற இயலவில்லை என்ற செய்தி. மற்றவர்கள் 72000, 60000 என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் மட்டும் முறைப்படி, ஆயிரத்துக்குப் பின் கால்புள்ளியிட்டு எழுதியிருந்தார்கள். அதனை நான் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன். பைத்தானில் எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளைக்குக் கால்புள்ளி தெரியாது. ஒரு கால்புள்ளி அவளைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டது. கணிப்பொறி அதை என்னிடம் தெளிவாகச் சொல்லத்தான் செய்தது. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

அன்பர்களே, அன்று அந்த மாணவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். அதனைத்தான் உங்களுக்கு என் சொற்களில் கூறுகின்றேன்.

நிரல் என்பது பல செயற்கூறுகள் ஒன்றையொன்று வேலை ஏவும் ஏற்பாடு. என் நிரலில் மூன்று இருந்தன. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஆகவே அவற்றுக்குப் பட்டியல்தயாரி, மாணவர்படி, எண்ணாக்கு என்று பெயர் வைத்திருந்தேன். பட்டியல்தயாரி ஒவ்வொரு மாணவருக்கும் மாணவர்படியை ஏவும். மாணவர்படி, வருமானத்தை எண்ணாக மாற்ற எண்ணாக்கு என்பதை ஏவும். வேலை மேலிருந்து கீழே போகிறது. விடை கீழிருந்து மேலே வருகிறது. அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று தாமிரபரணித் தண்ணீர் இறங்குவதை நாம் அறிவோம். தண்ணீர் கீழே போவதற்கு வழி இருப்பதைப் போலவே, ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை’ என்ற செய்தி மேலே போவதற்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா? நிரலில் அந்த வழிக்குப் பெயர்தான் எக்ஸெப்ஷன். நூல்கள் அதனை விதிவிலக்கு என்கின்றன. நம் பேச்சில் விதிவிலக்கு என்றால் சலுகை என்ற பொருளும் ஒலிக்கும். இங்கே அப்பொருள் இல்லை. ‘வழக்கமான பாதையில் என்னால் தொடர முடியவில்லை’ என்று ஒரு செயற்கூறு அறிவிப்பதே விதிவிலக்கு.

எண்ணாக்கு என்னும் செயற்கூற்றால் தன் வேலையைச் செய்ய முடியாதபோது அது விதிவிலக்கை எழுப்புகிறது. பைத்தானில் இதற்கு ‘ரைஸ்’ என்று சொல். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ‘த்ரோ’ என்று சொல். எழுப்பிய கணத்தில் அதன் வேலை நின்றுவிடும்; அடுத்த வரி ஓடாது. செய்தி, தன்னை ஏவிய மாணவர்படியிடம் போகும். அங்கே அதனை ஏற்றுக்கொள்ளும் பகுதி இருக்கிறதா என்று பார்க்கப்படும். இல்லையானால் மாணவர்படியின் வேலையும் நின்று, செய்தி அதற்கும் மேலே பட்டியல்தயாரியிடம் போகும். அங்கும் இல்லையானால் நிரலே நின்று, செய்தி எந்தெந்தப் படிகளைக் கடந்து வந்தது என்ற வழித்தடத்தைத் திரையில் அச்சிடும். நான் கண்ட சிவப்பு வரிகள் அந்த வழித்தடம்தான். அதில் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்தச் செயற்கூறு என்பதெல்லாம் இருக்கும். அதனைப் பார்த்து அஞ்சும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: முதலில் கடைசி வரியைப் படியுங்கள். பிறகு மேலே ஏறுங்கள்.

இதற்கு முந்திய பழக்கம் வேறு. சி மொழியில், வேலை முடியாவிட்டால் பெரும்பாலும் -1 போன்ற ஓர் எண்ணை விடையாகத் திருப்பி அனுப்புவார்கள். ஏவியவர் அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மறந்தால்? என் நிரலை அவ்வழியில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் ‘கழித்தல் ஒரு ரூபாய்’ என்று பதிவாகியிருக்கும். வரம்புக்கு உட்பட்ட வருமானம்தான், பணமும் கிடைத்திருக்கும். ஆனால் தணிக்கையில் அந்தக் கணக்கைக் கண்டவர் நம் சங்கத்தைப் பற்றி என்ன நினைப்பார்? சிரிக்கிறீர்கள். பிழைச் செய்தியும் உண்மையான விடையும் ஒரே பாதையில் வந்தால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. இதனால் ஒரு ராக்கெட்டே அழிந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

விதிவிலக்கு வெறும் செய்தி அன்று. அது ஒரு பொருள். பொருள்நோக்கு மொழிகளின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. பைத்தானின் தொடக்க காலத்தில் வெறும் சொற்றொடரையே பிழையாக எழுப்ப முடிந்தது. 1.5ஆம் பதிப்பில் மொழிக்குள் அமைந்த பிழைகள் எல்லாம் வகைகளாக மாற்றப்பட்டன. 2008இல் வந்த 2.6ஆம் பதிப்பில் சொற்றொடரை எழுப்பும் வழக்கமே நீக்கப்பட்டது. வகை என்று நான் சொல்வதைப் பாடநூல் ‘இனக்குழு’ என்கிறது. நம் காதுக்கு அச்சொல் கொஞ்சம் உறுத்துகிறது. ஆகவே வகை என்றே சொல்கிறேன். ஒரு வகையிலிருந்து மற்றொரு வகை பிறக்கும். ‘கோப்பு காணப்படவில்லை’ என்ற பிழை, இயக்க அமைப்புப் பிழை என்னும் வகையின் பிள்ளை. அது ‘எக்ஸெப்ஷன்’ என்னும் பெருவகையின் பிள்ளை. தந்தையை ஏற்றுக்கொள்வதாக எழுதிய பகுதி பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொள்ளும். பிறப்பைக் கொண்டு நடத்தையைத் தீர்மானிப்பதில் குற்றமில்லாத இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதனால் விளையும் நன்மை என்ன? எந்தப் பிழையை ஏற்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். கோப்பு இல்லையென்றால் இதைச் செய். எண் தவறென்றால் அதைச் செய். வேறெதுவானாலும் மேலே அனுப்பு. குறுகிய வகையை முதலிலும் பரந்த வகையைப் பின்னரும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் தந்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள, பிள்ளைக்கென எழுதிய பகுதிக்கு வேலையே வராது. நானோ பெயர் எதுவும் சொல்லாமல் ‘எக்ஸெப்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால், நிரலை நிறுத்துவதற்காக நாம் கண்ட்ரோல்-சி அழுத்தும் ஆணை இருக்கிறதே, அதுவும் ஒரு விதிவிலக்காகவே எழுவதால், அதையும் விழுங்கிவிடும்.

எங்கே ஏற்பது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இளைஞர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். எண்ணாக்கு என்னும் செயற்கூற்றுக்குத் தெரிந்தது சில எழுத்துகள் மட்டுமே. அவை யாருடைய வருமானம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே அது எதையும் ஊகிக்காமல், ‘என்னால் மாற்ற முடியவில்லை’ என்று எழுப்பிவிட வேண்டும். மாணவர்படிக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். அதனாலும் பிழையைத் திருத்த முடியாது; ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சேர்க்க முடியும். ஆகவே அது ‘வருமானப்பிழை’ என்று நாமே படைத்த வகையில் ஒரு பொருளை உண்டாக்கி, அதில் பிள்ளையின் பெயரை இட்டு, மேலே எழுப்புகிறது. அவ்வாறு எழுப்பும்போது மூலப் பிழையைத் தொலைத்துவிடக் கூடாது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் ‘ரைஸ்’ என்பதோடு ‘ஃப்ரம்’ என்று சேர்த்து எழுதினால் இந்தப் பிழைக்கு அந்தப் பிழையே காரணம் என்று இரண்டும் இணைந்து மேலே போகும். கடைசியாகப் பட்டியல்தயாரி. முழுப் பட்டியலுக்கும் பொறுப்பு அதனிடம். ஒரு பிள்ளையின் கால்புள்ளிக்காக நாற்பத்தாறு பேரின் பணத்தை நிறுத்துவதும் தவறு. நாற்பத்தாறு பேருக்காக ஒருத்தியை மறைப்பதும் தவறு. அது வருமானப்பிழையை மட்டும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு, அந்தப் பெயரை ‘சரிபார்க்க வேண்டியவர்கள்’ என்ற இரண்டாம் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போகிறது. திருத்த வல்லவர் ஏற்க வேண்டும். வல்லமை இல்லாதவர் தமக்குத் தெரிந்ததைச் சேர்த்து மேலே அனுப்ப வேண்டும்.

இன்னொரு சொல் ‘ஃபைனலி’. பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் கட்டாயம் செய்ய வேண்டியதை அதன் கீழ் எழுதுவார்கள். திறந்த கோப்பை மூடுவது போன்றவை. மடையைத் திறந்தவர், வயலில் என்ன நேர்ந்தாலும் மடையை அடைத்துவிட்டே வீடு திரும்புவார்.

இக்கருத்துகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பார்பரா லிஸ்கோவ் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் 1970களில் உருவாக்கிய குளூ என்னும் மொழியில், விதிவிலக்கு ஒரே ஒரு படிதான் ஏறும். ஏவியவர் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். அல்லது தம் பெயரில் புதிதாக எழுப்ப வேண்டும். யாரோ மேலே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட முடியாது. பின்னர் வந்த ஜாவா மொழி, சில வகைப் பிழைகள் தன்னிடமிருந்து எழக்கூடும் என்பதைச் செயற்கூறு தன் தலைப்பு வரியிலேயே அறிவிக்க வேண்டும் என்றது. இக்கட்டாயம் சோம்பேறிகளை வெற்று ‘கேட்ச்’ எழுதிப் பிழையை விழுங்கத் தூண்டுகிறது என்று குறை கூறுவோரும் உண்டு. சட்டம் கடுமையானால் பதிவேட்டைப் பொய்யாக நிரப்புவோரை அலுவலகங்களில் நாம் கண்டதில்லையா?

இனி அந்த ராக்கெட். நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சோதிக்கப்படும் விகாஸ் எஞ்சின், பிரான்சு நாட்டு வைகிங் எஞ்சினின் வழிவந்தது. அந்த வைகிங் எஞ்சின்தான் ஐரோப்பாவின் ஏரியன் 4 ராக்கெட்டை உயர்த்தியது. அதற்கடுத்த ஏரியன் 5, தென் அமெரிக்காவில் உள்ள கூரூ என்ற இடத்திலிருந்து 1996 ஜூன் 4ஆம் நாள் முதன்முறையாகப் புறப்பட்டது. நாற்பது விநாடிக்குள் வானிலேயே சிதறியது. நான்கு செயற்கைக்கோள்களும் போயின.

விசாரணைக் குழு கண்ட காரணம் இது. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியின் நிரல், ஏரியன் 4லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஏடா மொழியில் எழுதப்பட்டது. அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. 16 பிட்டில் 32767க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெருகவில்லை, புதியது விரைவாக வேகமெடுத்தது, எண் அடங்கவில்லை, விதிவிலக்கு எழுந்தது. இவ்வாறான ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்கிற்குப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணிப்பொறிக்கு வேலைப்பளு கூடிவிடக் கூடாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள். எழுந்தது அந்த மூன்றில் ஒன்றில். ஏற்பார் இல்லாத நிலையில், கருவி தன்னை நிறுத்திக்கொள்வது என்பதே ஏற்பாடு. மாற்றுக் கருவியும் அதே நிரலை ஓட்டியதால் அதே காரணத்தால் அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது. நிற்கும் முன் கருவி பிழைச் செய்தியை மேலே அனுப்பவும் செய்தது. மேலிருந்த முதன்மைக் கணிப்பொறியோ அந்தப் பிழைச் செய்தியைப் பறத்தல் அளவை என்று எண்ணிப் படித்து, ராக்கெட்டைத் திடீரெனத் திருப்பியது. அங்கே முடிந்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்த வரி செய்துகொண்டிருந்த வேலை, ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பின் எதற்கும் தேவைப்படாத வேலை.

பிழை சரியாக எழுப்பப்பட்டு, சரியானவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஆற்றங்கரையே கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் இருந்த சரளைக் கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நிலையத்தில் இருந்தவர்களால் அந்தப் பாதையைச் சரிசெய்ய முடியாது. அவர்களால் முடிந்தது ரயிலை மேலே விடாமல் நிறுத்துவதும், நிலைமையை மேலே தெரிவிப்பதும். இரண்டும் நடந்தன. பயணிகள் இரண்டு இரவுகள் துன்பப்பட்டார்கள் என்பது உண்மை. ஒரு பகுதியினர் அருகில் இருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஊர் மக்கள் சமைத்து உணவளித்தனர். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. 19ஆம் நாள் எஞ்சியவர்கள் மீட்கப்பட்டனர். அன்றிரவு ‘பாஸ்’ என்று எவராவது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிரலுக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. எங்கள் பள்ளியில் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தால் நான் மகிழ்ச்சியே அடைவேன். காரணம் எழுதியிருக்கும், திருத்தி அனுப்பலாம். திரும்பியே வராத விண்ணப்பம்தான் பிள்ளையின் ஆண்டைத் தின்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இந்தக் கண்ணோடு படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கேட்ட தகவல் தம்மிடம் இல்லையென்றால் அலுவலர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட முடியாது. ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, விண்ணப்பித்தவருக்கும் தெரிவிக்க வேண்டும். முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டால், அந்த மௌனத்தையே மறுப்பாகச் சட்டம் கொள்கிறது. மறுப்பு என்றால் முப்பது நாள்களுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையென்றால் தொண்ணூறு நாள்களுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. மௌனத்தையே பிழையாக எண்ணி மேலே ஏற்றும் ஏற்பாடு இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலும் இதனைக் காணலாம். அதன் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமையைப் புறக்கணிக்கும் பொது ஊழியருக்குத் தண்டனை விதிக்கிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கடமைகள் எவை என்பதை வரிசையாகச் சொல்கிறது. வாய்மொழியாகக் கொடுத்த புகாரை எழுதி, கையொப்பம் வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்ய வேண்டும். பதிவானதன் நகலை உடனே தர வேண்டும். இளைஞர்களே, நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வழித்தடம் இல்லாத பிழையைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் என் மடிக்கணினியில் கற்றேன்.

அந்தப் பிள்ளைக்கு அக்டோபரில் பணம் கொடுத்தோம். தாமதத்திற்கு நான் அவள் தந்தையிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். அவருக்கு என்னைவிடக் கூச்சமாகப் போயிற்று. நிரலை மாற்றி எழுதினோம். ‘கால்புள்ளியை முதலிலேயே நீக்கிவிடும் ஒரு வரி போதுமே, இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ என்று சங்க உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த வரியையும் எழுதினோம். ஆனால் அடுத்த ஆண்டு ஒருவர் ‘72 ஆயிரம்’ என்று எழுதினார். மற்றொருவர் எண்ணுக்கு முன் ‘ரூ.’ என்று போட்டார். ஒரு தாய், கணவர் இறந்தபின் வருமானம் என்ன என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். மூவர் பெயரும் இரண்டாம் பட்டியலில் வந்தன. அந்தத் தாயின் வீட்டுக்குச் செயலாளர் அவர்களே நேரில் போனார்.

இப்போது அறிவிப்புப் பலகையில் இரண்டு பட்டியல்களும் அருகருகே ஒட்டப்படுகின்றன. கீழே ஒரு வரியும் எழுதியிருக்கிறோம்: ‘விண்ணப்பம் கொடுத்தும் இரண்டிலும் பெயர் இல்லையெனில் உடனே வந்து கேட்கவும்.’ அந்த வரியை எழுதித் தந்தவள் அந்த மாணவிதான். இவ்வாண்டு நிரலின் பொறுப்பையும் அவளிடமே ஒப்படைத்திருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் சங்கப் படிப்பகத்தில் அவளும் அவள் தோழியும் மடிக்கணினியோடு இருப்பார்கள். உங்களில் எவர் நிரல் சிவப்பு காட்டினாலும் அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். நானும் மாணவனாக அங்கே இருப்பேன்.